முகாமில் இறந்த பெரியம்மா

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில், இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த மலையக மக்களின் வரலாறு பற்றி வந்த சிறப்புப் பக்கத்தை வாசித்தேன். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருக்கும் நம்மவர்கள் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. போன மாதம் அப்படியொரு முகாமில் என் பெரியம்மா காலமானார். அதனால்தான் எழுதுகிறேன்.

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்தில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு ஓடி, வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1990இல் மறுபடி போர் மூண்டதும் மன்னாரிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, விசாரணை என்று பெரியப்பாவைக் கூட்டிப்போய் ஒரு சிறப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், ‘இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும்’ என்று ஓர் உத்தரவு போட்டாலே அப்போது போதுமாக இருந்தது.

பெரியம்மா பிள்ளைகளோடு வேறொரு மாவட்டத்தில். கணவரைப் பார்க்கப் போவதற்கும் அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆள் எண்ணும் நாளில் முகாமில் இல்லாவிட்டால் உதவிப்பணம் நின்றுபோகும். அப்படியும் ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் அரைத்து எடுத்துப் போவார். காவலர் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாராம். அம்மாவுக்கு ஏரோகிராமில் ஓரம்வரை நுணுக்கி எழுதுவார்: “அங்கயும் பெரட்டு, இங்கயும் பெரட்டு. அங்க பேர் குடுத்தா கூலி, இங்க பேர் குடுத்தா அரிசி.” பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் எடுத்து வேலைக்கு ஆள் பிரிப்பது.

பெரியப்பா நோயாளியாகத்தான் வெளியே வந்தார். அதிக காலம் இருக்கவில்லை.

இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2019 ஜூனில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தத்திலோ இலங்கையிலிருந்து போனவர்களுக்கு இடமே இல்லை. இங்கே இலங்கையில் இந்திய வம்சாவளியினருக்கென 2003இல் வந்த குடியுரிமைச் சட்டத்தை, இந்தியா போனவர்களுக்கும் பொருந்தும்படி 2009இல் திருத்தினார்கள். சரி, அதற்குக் காட்ட வேண்டிய பத்திரங்கள் 1977இலேயே லயத்தோடு எரிந்துவிட்டனவே!

நம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, ‘மலையகம் 200’ என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். அதே மன்னார்க் கரையிலிருந்து திரும்பிப் போனவர்களும் நம் ஆட்கள்தான். பெரியம்மாவின் இளைய மகள் முகாமிலேயே பிறந்தவள், இன்றுவரை எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. பழைய தோட்டப் பதிவேடுகளையும் செக்ரோலையும் (தோட்டத்தின் வேலைநாள் பதிவு) சான்றாக ஏற்கும்படி நம் மலையக எம்.பி.க்கள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் அதை விடாமல் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை.