வயதைக் கடந்தவர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மாதங்கள் ஓடிவிட்டன. நான் இருக்கிறேனா என்று பார்க்க வாசுவை வேறு தூது விட்டிருக்கிறாய். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து போனை வைக்கப்போகும்போதுதான் எதற்குக் கூப்பிட்டான் என்பதே அவனுக்கு நினைவு வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் மூட்டுவலி உட்பட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பட்ஜெட்டில் ஆறு சதவீதம் கல்விக்கு ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டினால் எந்த நாடும் படித்துவிடும்" என்று தீர்ப்பு எழுதியிருந்தாய். கணக்கு வாத்தியார் மகனே, 2015-ல் யுனெஸ்கோ முன்வைத்த அளவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம். அரசுச் செலவில் என்றால் 15 முதல் 20. நீ நிதியமைச்சர்களுக்குக் கொள்ளைத் தள்ளுபடி கொடுத்திருக்கிறாய்!

பணம் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. 1973-க்குப் பிறகு எண்ணெய்ப் பணத்தை வைத்து இந்தோனேசியா சில வருடங்களில் 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது. அதைப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தார். பள்ளிகள் அதிகம் வந்த பகுதிகளில் சின்னக் குழந்தைகள் கூடுதலாகப் படித்தார்கள், பெரியவர்களானதும் சம்பளமும் கூடியது. ஆனால் 1974-ல் 12 வயதைத் தாண்டியிருந்த பிள்ளைகளுக்கு அதனால் பலன் இல்லை. ஆரம்பப் பள்ளி வயதை அவர்கள் கடந்துவிட்டிருந்தார்கள்.

என்னைப் பிடித்து உலுக்கியது இதுதான். அந்தப் பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அரை நூற்றாண்டாக அவர்களும் நாட்டின் ஜனத்தொகைதானே? பள்ளிக்கு மட்டும் செலவழித்தால், பழைய தலைமுறை கழிந்து புதியது வந்து சேரும் வேகத்தில்தான் நாட்டின் சராசரிப் படிப்பு ஏறும். ஐந்து வருடத்தில் தேர்தலைச் சந்திக்கிற எவருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் கட்டடத்துக்கு நாடா வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு ஏன் என்று கேட்பாய். மாலையில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு ஒன்றுக்குப் போய்வருகிறேன். சிரிக்காதே. ஒன்றாம் வகுப்பு அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். ஒரு அம்மா பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாள் கிழிந்துவிடும், ஆனால் பெயரை முழுதாக எழுதாமல் எழுந்திருக்க மாட்டார். ஷிப்ட் மாறிவிட்டால் அந்த வாரமே வரமாட்டார். வகுப்பு நேரத்தை மாற்றவும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் கேட்டால், "அதான் தன்னார்வலர்கள் இருக்கிறீர்களே" என்கிறார்கள். மருத்துவமனையை இப்படி நடத்துவார்களா?

கியூபா 1961-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் இளம் மாணவர்களைக் கையில் விளக்கோடு கிராமங்களுக்கு அனுப்பியது. ஒரே வருடத்தில் சுமார் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். கடைசிப் பரீட்சை என்ன தெரியுமா? ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம். அவருடைய அரசியலைப் பற்றி நாம் தனியாகச் சண்டை போடலாம், ஆனால் அரசாங்கம் முழு மூச்சாக இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. கென்யாவில் 2003-ல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாக வந்து வகுப்புகள் பிதுங்கின. அடுத்த வருடம் அந்தக் கூட்டத்தில் கிமானி மருகே என்ற 84 வயதுக்காரரும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். பைபிளைத் தானே படிக்க வேண்டுமாம்.

இருக்கிற பணம் பிள்ளைகளுக்கா பெரியவர்களுக்கா என்று மடக்குவாய். முதலில் பிள்ளைகளுக்குத்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த வீட்டில் பிள்ளை பள்ளியில் நிலைப்பது சுலபம். அப்புறம் எதற்கு அதை இரண்டு கணக்காகப் பிரிக்க வேண்டும்?

எப்போது ஓய்வு பெறுகிறாய் என்று எழுது. இங்கே கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை. சம்பளம் கிடையாது.

அன்புடன்,
ரகு