பீரங்கி வேறு, டாங்கி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் இரண்டாம் உலகப் போர் தொடரில், சென்ற வாரம் பிரிட்டிஷ் தளபதி ஆலன் புரூக் பற்றி ஒரு வரி: 'பீரங்கிப் படையிலேயே இருந்ததால் போர்முனையை நேரில் அறியாதவர்.' படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் 22 வருடம் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன்.

வெள்ளைக்காரத் தளபதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவர் முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் செகந்திராபாத் குதிரைப்படை பிரிகேடின் வெடிமருந்து அணியோடு பிரான்சில் இருந்தவர். லெப்டினன்டாகப் போனவர், போர் முடியும்போது லெப்டினன்ட் கர்னல். 1916-இல் சோம் போரில் 18-ஆம் டிவிஷன் பீரங்கிகளுக்கும், 1917 ஏப்ரலில் விமி மேட்டில் கனடாப் படையின் பீரங்கிகளுக்கும் திட்டம் வகுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. காலாட்படை நடக்க நடக்க, அதற்குச் சற்று முன்னால் குண்டுமழையும் நகர வேண்டும். கணக்கு ஒரு நிமிடம் பிசகினால் சொந்த ஆட்கள் மேலேயே விழும். 1940-இல் பெல்ஜியம் சரணடைந்து பிரிட்டிஷ் படையின் இடது பக்கம் திறந்து கிடந்தபோது, தன் படைப்பிரிவைக் கொண்டு அதை அடைத்து, டன்கிர்க் துறைமுகம் வரை வந்தவரும் அவரே. அடுத்த மாதம் மறுபடி பிரான்சுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து சர்ச்சிலிடமே தொலைபேசியில் வாதாடி, மிச்சமிருந்த படையைத் திருப்பிக் கொண்டுவந்தார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

பீரங்கி பின்னால் நிற்கும். அதன் கண் முன்னால் இருக்கும். ஓ.பி. ஆட்கள், அதாவது எதிரியைப் பார்த்துக் குறி சொல்லும் கண்காணிப்பு ஆட்கள், காலாட்படையோடுதான் போவார்கள். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் எங்கள் ஓ.பி.யோடு போன வயர்லெஸ்காரர் திரும்பவில்லை. அன்று காலை என் தட்டிலிருந்து ஒரு பூரியை எடுத்துத் தின்றுகொண்டே போனவர். பின்னால் நின்ற எங்கள் மேலும் எதிரியின் குண்டு விழுந்தது. 25 ராத்தல் குண்டுகளை ராவும் பகலும் ஏற்றிச் சுட்டதில் என் இடது காது போனது. வீட்டுக்காரி இன்றும் என் வலது பக்கம் வந்து நின்றுதான் பேசுகிறாள்.

ஓய்வு பெற்று வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், "பீரங்கிப் படையா? அப்ப சண்டைக்கே போகலையா?" என்று கேட்டார்கள். படிக்காத பேச்சு என்று விட்டுவிட்டேன். தாங்களும் அதையே அச்சில் போடும்போது எப்படிப் பொறுப்பது? கவச வண்டியான டாங்கியின் படத்துக்குக் கீழே 'பீரங்கி' என்று தங்கள் இதழில் எத்தனை தடவை வந்துவிட்டது! ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் இதே கதைதான். மூன்று அஞ்சலட்டை எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. முப்பது வருட வாசகனுக்கு இவ்வளவுதான் மரியாதையா?

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், ஏதாவது ஒரு மூலையில் இருந்தால் போதும். டாங்கியை டாங்கி என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்