குழந்தைகள் கதையில் இத்தனை போர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவல்கள் திரைப்படமாவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் படம் வந்தாலும் நாவலின் ரசிகர்கள் ‘அந்தக் காட்சி எங்கே, இந்தப் பாத்திரம் எங்கே’ என்று குறை சொல்லாமல் இருப்பதில்லை, அத்தனை பக்கங்களையும் மூன்று மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியவரின் பாடு அவர்களுக்குப் புரிவதில்லை என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். பெரும்பாலும் சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒரு நாவலுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அதைப் படமாக்கியவர்கள் வெட்டியதைவிட ஒட்டியதுதான் அதிகம். ஒரு தாயாக என் புகாரும் அந்த ஒட்டுவேலையைப் பற்றித்தான்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தன் பிள்ளைகளுக்காகச் சொல்லத் தொடங்கிய ‘தி ஹாபிட்’ 1937இல் புத்தகமாக வந்தது. மொத்தம் 19 அத்தியாயங்கள். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், அச்சுக்குப் போகும் முன் பிரதியைத் தன் 10 வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பையன் ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டு, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். (10 வயதுக்காரனுக்கு மற்றவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள்தானே!) அந்தக் கதையைத்தான் பீட்டர் ஜாக்சன் 2012, 2013, 2014 என வருடத்துக்கு ஒன்றாக மூன்று படங்களாக எடுத்தார். மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். மூன்றாவது படத்தின் நீட்டித்த பதிப்பு 2015இல் வந்தபோது, அமெரிக்காவில் வன்முறை காரணமாக அதற்கு ‘ஆர்’ சான்றிதழ் கொடுத்தார்கள். 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்று அதற்குப் பொருள். 5 வயதுப் பிள்ளைக்கு எழுதிய கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

நான் ரத்தத்தைக் கண்டு பதறும் ஆள் இல்லை. குழந்தைகளுக்கான கதையில் பயம் இருக்கலாம், சாவும் இருக்கலாம். டோல்கீனின் கதையிலேயே டிராகன் ஒரு நகரத்தை எரிக்கிறது, ராட்சதச் சிலந்திகள் ஆட்களைச் சுற்றிக் கட்டித் தொங்கவிடுகின்றன, குள்ளர்களின் தலைவன் தோரின் கடைசியில் இறந்துபோகிறான். அந்த இடத்தைப் படித்துக் காட்டும்போது என் பெண் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னைத் தொந்தரவு செய்வது, தைரியம் என்றால் என்ன என்பதற்கு நாவல் ஒரு பதிலும் படங்கள் வேறு பதிலும் சொல்வதுதான்.

நாவலின் நாயகன் பில்போ ஹாபிட் என்ற சிற்றினத்தைச் சேர்ந்தவன், மனிதரில் பாதி உயரம்தான் இருப்பான். வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும், தன் வீடு வேண்டும், வம்பு தும்பு கூடாது. சண்டை போட்டுப் பழக்கமே இல்லாத அவனைத்தான் 13 குள்ளர்களோடு ஒரு டிராகனிடம் அனுப்புகிறார்கள். மலைக்குள் இருக்கும் சுரங்கப் பாதையில் அவன் தன்னந்தனியாக இறங்குகிறான். தூரத்தில் சிவப்பு ஒளி தெரிகிறது, தூங்கும் டிராகனின் குறட்டை கேட்கிறது. அங்கேயே நின்றுவிடுகிறான். திரும்பிப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. அப்புறம் மேலே நடக்கிறான். அவன் வாழ்நாளில் செய்த மிகத் துணிச்சலான காரியம் அந்த அடுத்த அடிதான், பிறகு நடந்ததெல்லாம் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று டோல்கீன் நிறுத்திச் சொல்கிறார். உள்ளே போய் அவன் செய்வதெல்லாம் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு ஓடி வருவது மட்டும்தான்.

பள்ளிக்கூட வாசலில், மருத்துவரின் அறைக்கு வெளியே, இருட்டு அறையின் கதவருகே என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. அங்கே நிற்கும் பிள்ளைக்கு வாள் உதவாது. இந்த ஒரு பக்கத்துக்காகவே இந்த நாவலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம் என்பேன்.

இரண்டாவது படத்தில் அந்தப் பாதை சீக்கிரமே முடிந்துவிடுகிறது. உள்ளே போனதும் டிராகனோடு நீண்ட துரத்தல். அது போதாதென்று குள்ளர்களும் வந்து சேர்கிறார்கள், உலைகளை மூட்டுகிறார்கள், தங்கத்தை உருக்குகிறார்கள், பிரம்மாண்டமான பொற்சிலை ஒன்று உருகி டிராகன் மேல் கொட்டுகிறது. கண்ணுக்கு நல்ல விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் நாவலில் குள்ளர்கள் அந்த டிராகனோடு நேருக்கு நேர் மோதுவதே கிடையாது. பயந்து ஒளிந்துகொள்கிறார்கள். பயப்படும் பெரியவர்களைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

முதல் படத்தின் முடிவும் அப்படித்தான். எரியும் மரங்களின் மேல் எல்லோரும் மாட்டிக்கொண்டு, கழுகுகள் வந்து காப்பாற்றும் இடம். நாவலில் பில்போவைக் கழுகுகள் கிட்டத்தட்ட மறந்தே விட்டுவிடுகின்றன. கடைசி நொடியில் டோரி என்ற குள்ளனின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தப்பிக்கிறான். படத்தில் அதே பில்போ வாளை உருவிக்கொண்டு பாய்ந்து, ஓர்க் என்ற அரக்கர் கூட்டத்தில் ஒருவனைக் குத்திக் கொல்கிறான். அதன் பிறகுதான் தோரின் அவனைக் கட்டி அணைத்து ஏற்றுக்கொள்கிறான். இதே படத்தில், அதற்கு முன்னால், உயிரை எடுப்பதைவிட எப்போது விட்டுவிட வேண்டும் என்று தெரிவதுதான் உண்மையான தைரியம் என்று மந்திரவாதி கேன்டால்ஃப் பில்போவுக்குச் சொல்லியிருப்பார். நாவலிலேயே இல்லாத அருமையான வசனம். எழுதியவர்களே படம் முடிவதற்குள் மறந்துவிட்டார்கள்.

நாவலில் பில்போ வாளையே தொடுவதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலந்திகளை அவன் வாளால்தான் கொல்கிறான். ஆனால் யாரிடமும் பாராட்டு வாங்குவதற்காக அதைச் செய்யவில்லை.

மூன்றாவது படம் பெரும்பகுதி போர். நாவலில் அந்தப் போர் சில பக்கங்கள்தான். நடுவில் பில்போவின் தலையில் ஒரு கல் விழுந்து மயங்கிவிடுகிறான், கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. போரைக் கண்ணால் பார்த்தவர் டோல்கீன். முதல் உலகப் போரில், 1916இல், சோம் போர்க்களத்தில் இருந்தவர். அவர் தன் நாயகனை மயக்கத்தில் படுக்க வைத்ததில் ஏதோ அர்த்தம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. படத்திலும் பில்போ ஒரு கட்டத்தில் மயங்கி விழுகிறான். காமிரா மயங்குவதில்லை. அது பாட்டுக்கு அடுத்த தலையைத் தேடிப் போய்விடுகிறது. “அம்மா, பில்போ எங்கே?” என்று என் மகன் கேட்டான். படத்தின் பெயரிலேயே இருப்பவனைப் பற்றிய கேள்வி அது.

படத்தில் வரும் டாரியல் என்ற பெண்ணின் விஷயத்தில் மட்டும் நான் இரண்டு மனதாக இருக்கிறேன். நாவலில் பெண் பாத்திரம் என்று சொல்ல யாருமே இல்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு இது உறுத்தாமல் இருக்காது. அதனால் படத்துக்காகவே அவளை, எல்ஃப் என்ற வன தேவர் இனத்து வீராங்கனையாக, உருவாக்கியதை வரவேற்றேன். ஆனால் அவளுக்குக் கொடுத்த வேலை? ஒரு குள்ளனுக்கும் ஓர் எல்ஃப் இளவரசனுக்கும் நடுவே ஒரு முக்கோணக் காதல். அத்தனை வீரர்களுக்கு நடுவில் ஒரு வீராங்கனை, அவளுக்கும் இதுதானா!

நல்லதையும் சொல்ல வேண்டும். இருட்டுக் குகையில் பில்போவும் அங்கே வாழும் கோல்லம் என்ற விசித்திரப் பிராணியும் விடுகதை போடும் காட்சியில் ஜாக்சன் எதையும் ஒட்டவில்லை, அவசரமும் படவில்லை. பில்போவாக மார்ட்டின் ஃப்ரீமனும் கோல்லமாக ஆண்டி செர்கிஸும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். கடைசியில் பில்போவின் வாள் கோல்லமின் கழுத்தருகே வந்து நின்று விலகுகிறதே, மூன்று படங்களிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். இத்தனைக்கும் அந்த இரக்கம் 1937 பதிப்பில் கிடையாது. அதில் தோற்றுப்போன கோல்லம் தானாகவே வழிகாட்டி அனுப்பிவைக்கும். 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். ஆக, கதையை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எழுதியவரே மாற்றியிருக்கிறார், மாற்றியதால் கதை உயர்ந்திருக்கிறது.

அதே டோல்கீன் 1960இல் இந்தக் கதையைத் தன் பிந்தைய பெரிய நாவலான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ஸின் கனத்தோடும் தீவிரத்தோடும் திரும்ப எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் இது ‘தி ஹாபிட்’ இல்லை என்று அதைப் படித்த தோழி ஒருவர் சொன்னாராம். படக் குழுவில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம்.

‘படம் பிடிக்கவில்லையென்றால் புத்தகத்தைக் கொடுங்கள், அது எங்கேயும் போய்விடவில்லையே’ என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். என் பெண் முதலில் கதையைக் கேட்டாள், படங்களைப் பிறகு பார்த்தாள். அவளுக்கு எந்தச் சேதமும் இல்லை, பொற்சிலையைப் பார்த்துச் சிரித்தாள். சின்னவனுக்கு அந்த வரிசை மாறிப்போனது. உறவினர் வீட்டில் படங்களை முதலில் பார்த்துவிட்டான். பிறகு அவனுக்கு அந்தச் சுரங்கப் பாதையைப் படித்துக் காட்டியபோது, பில்போ நின்று தயங்கும் இடத்தில், “எப்போம்மா சண்டை வரும்?” என்று கேட்டான். புத்தகம் எங்கேயும் போகவில்லைதான். ஆனால் படம் பார்த்த பிள்ளை அதற்குள் வேறு வழியாக நுழைகிறது.

அதனால் உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைகள் நாவலை வைத்து எடுத்த படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, கிராஃபிக்ஸ் எப்படி, நீளம் எவ்வளவு, எந்த வயதுக்குச் சான்றிதழ் என்பதோடு இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நாவலில் இல்லாத எதைப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள், நாயகன் பாராட்டு வாங்குவது எதைச் செய்த பிறகு. இந்த இரண்டும் தெரிந்தால், முதலில் புத்தகமா படமா என்பதை நாங்கள் வீட்டில் முடிவு செய்துகொள்வோம்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் தாய்