மரபணு மாற்றம் எல்லாம் பரம்பரை அல்ல

ஆசிரியருக்கு,

கல்லீரல் புற்றுநோய்ச் செய்திகளில் "மரபணு மாற்றம்" என்று படித்ததும், "நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. "அப்பாவுக்கு இருந்ததே" என்று கலங்குபவர்களும் உண்டு. குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'மரபு' என்றதும் வழிவழியாக வருவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் கட்டியில் காணப்படும் மாற்றங்களோ பெரும்பாலும் பிறவியில் வந்தவை அல்ல; ஏதோ ஒரு செல்லுக்குள் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோம்களின் நுனி தேயும். ஓரளவுக்கு மேல் தேய்ந்தால் செல் பிரியாது. நுனியை வளர்க்கும் நொதிக்கான 'டெர்ட்' மரபணு முதிர்ந்த கல்லீரல் செல்லில் அடங்கிக் கிடக்கும். அது தொடங்கும் இடத்துக்கு 124 டிஎன்ஏ எழுத்து முன்னால் ஒரே ஒரு 'சி' என்ற எழுத்து 'டி' ஆனால் போதும், விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இந்தப் பகுதிதான் கெட்டிருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி தன் டிஎன்ஏ துண்டை அதன் அருகே செருகியும் இதே வேலையைச் செய்யும். சிரோசிஸ் எனும் கல்லீரல் தழும்பேற்றம் இல்லாத கேரியருக்கும், அதாவது கிருமியை நீண்ட காலம் உடலில் சுமப்பவருக்கும், இந்த நோய் வருவதற்கு இது ஒரு காரணம். ஒரே வீட்டில் பலருக்கு வந்தால், கைமாறியது பெரும்பாலும் மரபணு அல்ல, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றிய கிருமி.

டெர்ட் தொடங்கி வைக்கும். வேகம் கொடுப்பவை வேறு. கெட்டுப்போன செல் பிரியாமல் தடுக்கும் காவல்காரனான 'டிபி53' மரபணு பழுதாகி, செல்லைப் பிரியத் தூண்டும் 'மிக்' மரபணுவின் பிரதிகளும் பெருகிய கட்டிகள் ரத்தக்குழாய்க்குள் புகுந்து, அறுத்தெடுத்த பிறகும் சீக்கிரம் திரும்பக்கூடியவை. 'பீட்டா-கேட்டனின்' என்ற புரதத்துக்கான மரபணுவில் மாற்றம் உள்ளவை பொதுவாக மெதுவாக வளரும். டிபி53-இன் 249ஆம் மூன்றெழுத்துக் குறியீட்டில் 'ஜி' என்பது 'டி' ஆவது அஃப்லாடாக்ஸின் விட்டுச்செல்லும் தடம். நம் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்து சுருங்கிய நிலக்கடலையிலும் வரமிளகாயிலும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. கேரியருக்கு இதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு.

சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1987இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டில் பிறந்து இங்கு வந்தவர்களும் பலதுறை மருந்தகத்தில் கிருமியின் மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் தேடும் 'சர்ஃபேஸ் ஆன்டிஜென்' பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கமான 'லிவர் ஃபங்ஷன்' பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதால் கிருமி இல்லை என்றாகாது. பலர் ஏமாறுவது இங்கேதான். கேரியர் என்று தெரிந்தால், ஆண்கள் 40 வயதிலிருந்தும் பெண்கள் 50 வயதிலிருந்தும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், கல்லீரல் கட்டிகள் பல சுரக்கும் ஏஎஃப்பி என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் தேவை. சிரோசிஸ் இருந்தாலோ, குடும்பத்தில் இந்த நோய் வந்திருந்தாலோ வயது பார்க்கக் கூடாது. ஏஎஃப்பி மட்டும் போதாது. ஆரம்பக் கட்டி பலவற்றில் அது ஏறுவதே இல்லை.

கட்டி கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பெரும்பணம் கொடுத்து மரபணுப் பரிசோதனைக்கு ஓடுவதற்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேட்கலாம்: "முடிவைப் பார்த்து எந்த மருந்தை மாற்றுவீர்கள்?" டெர்ட், டிபி53, பீட்டா-கேட்டனின் மூன்றையும் குறிவைக்கும் மருந்து கல்லீரல் புற்றுநோய்க்கு இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை. முற்றிய நோய்க்கு முதலில் தரப்படும் அடிசோலிசுமாப், பெவசிசுமாப் என்ற மருந்து இணைக்கு இந்தப் பரிசோதனை தேவையும் இல்லை.

வாசகர்,
ஈசூன்