எஸ்யூவிக்கு டயர் மாற்றும் முன், கதவைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிற பல பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "அண்ணே, வண்டி இன்னும் வாரண்டியில இருக்கு. வெளியில டயர் மாத்தினா ஏஜெண்டுக்காரங்க வாரண்டிய வெட்டிடுவாங்களா? அளவு கொஞ்சம் பெருசா போடலாமா?" கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. பின்னால் நான்கு வண்டி காத்திருக்கும்போது அரைகுறையாகச் சொல்லி அனுப்பவும் எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன அதே அளவில், சுமைக் குறியீடும் (எவ்வளவு எடை தாங்கும்) வேகக் குறியீடும் (எவ்வளவு வேகம் தாங்கும்) குறையாமல் டயர் போட்டால், பிராண்டு எதுவானாலும் கடை எதுவானாலும் அந்த ஒரு காரணத்துக்காக வாரண்டி போகாது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில், வெளி வொர்க்‌ஷாப்பில் கை வைத்தாலே வாரண்டி செல்லாது என்று கார் விற்பனையாளர்கள், அதாவது ஏஜெண்டுகள், நிபந்தனை போடுவது வழக்கமாக இருந்தது. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு முக்கிய கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 2017 டிசம்பரில் ஆணையமே அதை அறிவித்தது. ஆனால் ஒன்று: வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால், அந்தப் பழுதுக்கான கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அளவு மாறிய டயர் சிக்கலாவது இந்த இடத்தில்தான்.

சரி, எந்த அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து பூட்டுகிற தூணைக் குனிந்து பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று சில வண்டிகளில் பிரித்தே போட்டிருப்பார்கள். இப்போது வண்டியில் மாட்டியிருக்கிற டயரைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டாம், முக்கியமாகப் பழைய வண்டி வாங்கியவர்கள். முன்னால் வைத்திருந்தவர் என்ன மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்?

ஸ்டிக்கரில் 225/65ஆர்17 102எச் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம், அதாவது 146 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, நடுவில் ரிம். மூன்றையும் கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 724 மில்லிமீட்டர். இந்த 724 தான் வண்டிக்கு முக்கியம். வேகமானி, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), கியர்பாக்ஸ் எல்லாமே இந்த உயரத்தை நம்பித்தான் கணக்குப் போடுகின்றன.

18 அங்குல ரிம் ஆசைப்படுகிறவர் 225/60ஆர்18 போட்டால் உயரம் 727 வரும். 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தை வண்டி கவனிக்கவே கவனிக்காது. ரிம் பெரிதாகிறது, பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குறைகிறது, மொத்த உயரம் அப்படியே நிற்கிறது. இப்படிச் செய்வதுதான் முறை. அதே வண்டிக்கு 245/65ஆர்17 போட்டால்? உயரம் 750. வித்தியாசம் 26 மில்லிமீட்டர், 3.6 சதவீதம். டயர் தொழிலில் 3 சதவீதம் வரை பரவாயில்லை என்று ஒரு பேச்சு வழக்கம் உண்டு. வாரண்டி முடிந்த வண்டிக்கு அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்வேன். வாரண்டியில் இருக்கிற வண்டிக்கு ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் இருக்கிற அளவைத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடையில் அதற்காக ஒரு விற்பனை போனாலும் பரவாயில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டொயோட்டா ராவ்4 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரகத்தைப் பொறுத்து 225/65ஆர்17, 225/60ஆர்18, 235/55ஆர்19 என்று மூன்று அளவில் கம்பெனியே விற்றிருக்கிறது. மூன்றாவது அளவின் உயரம் 741 வருகிறது. "கம்பெனியே போட்டதுதானே, என் வண்டிக்கும் போடுங்க" என்று கேட்பீர்கள். அந்த ரகத்துக்குப் போட்டது உங்கள் ரகத்துக்கும் அனுமதியா என்பதை உங்கள் கையேடுதான் சொல்ல வேண்டும். அதில் இருந்தால் தாராளமாகப் போடுவோம். இல்லை என்றால், ஏஜெண்டிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் "ஓகே லா" என்று சொன்னதெல்லாம் பிறகு கைகொடுக்காது.

பெரிய டயர் என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்த ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு குடும்பம், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத எஸ்யூவி. வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று வேறொரு இடத்தில் 245/65 போட்டுவிட்டார்கள். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டு புளோக் பக்கத்துப் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சுற்றி ஏறும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் கரகரவென்று சத்தம். எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினோம். மட்கார்டுக்கு உள்ளே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, நான்கு விரல் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அத்தனை நாளும் டயர் உரசி உரசித் தேய்த்திருக்கிறது. ஓரிடத்தில் பிளாஸ்டிக் கிழிந்து போல்ட்டின் தலை வெளியே தெரிந்தது. டயரைச் சுழற்றிப் பார்த்தால், தோளில் அந்த போல்ட் கீறிய கோடு, சுற்றிலும் ஒரே நேராக. விரலை வைத்தால் நகம் உள்ளே போனது. அந்த டயரோடுதான் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது.

நாங்கள் பழைய அளவுக்கு மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அதற்கு முன்பே முன் சக்கர பேரிங்கில் இரைச்சல் வந்து, ஏஜெண்டிடம் கோரிக்கை வைத்திருந்தார்கள். அங்கே முதலில் பார்த்தது டயர் அளவைத்தான். பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். வண்டியின் மற்ற பாகங்களுக்கு வாரண்டி அப்படியே இருந்தது. பேரிங் செலவு மட்டும் சொந்தக் காசில். நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மொத்த வாரண்டியும் ஒரே நாளில் செத்துப்போவதில்லை. பேரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் என்று டயரோடு சம்பந்தப்பட்டவை எது போனாலும், "டயர்தான் காரணம்" என்று சொல்ல நாமே ஒரு வாய்ப்பை எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

வேகமானி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மீட்டர் துல்லியமாக இருந்த வண்டியில் 3.6 சதவீதம் பெரிய டயர் போட்டால், மீட்டர் 90 காட்டும்போது வண்டி உண்மையில் 93-ல் ஓடும். 90 வரம்புள்ள விரைவுச்சாலையில் கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. ஓடிய தூரமும் குறைத்தே காட்டும். வாரண்டிக்குக் கிலோமீட்டர் வரம்பு இருப்பதால், அதுவும் பிறகு ஒரு பேச்சாக வரலாம்.

இப்போது பலரும் கவனிக்காத எண்ணுக்கு வருகிறேன். அளவுக்குப் பின்னால் இருக்கிற 102 தான் சுமைக் குறியீடு. 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். 98 என்றால் 750. ஒரு டயருக்கு 100 கிலோ குறைந்தால் நான்குக்கு 400. அளவு அதேதான், விலையும் குறைவு என்று 98 போட்டால் வெளியில் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. ஏழு பேர் ஏறி, பின்னால் சாமான் அடுக்கி, வெயிலில் காயும் மலேசிய நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டும்போது டயருக்குத் தெரியும். மின்சார எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். பேட்டரியின் எடையால் அந்த வண்டிகள் பார்ப்பதைவிடப் பாரமானவை. 'எக்ஸ்எல்' என்று போட்டிருக்கிற டயர் கூடுதல் சுமை தாங்கும், ஆனால் அதற்கேற்ற காற்றழுத்தம் வைத்தால்தான். சாதாரண டயரிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறுகிறவர்கள் காற்று எவ்வளவு என்று எங்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். எழுத்துக்குறி வேகத்துக்கு: எச் என்றால் மணிக்கு 210, வி என்றால் 240. அவ்வளவு வேகம் இங்கே யாரும் போகப்போவதில்லைதான். ஆனாலும் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம். சூட்டைத் தாங்கும் திறனும் அந்த எழுத்தில் அடங்கியிருக்கிறது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டி என்றால் இன்னொரு சங்கதி. பஞ்சராகி ஒரு டயர் வீணாகிவிட்டது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று வருகிறீர்கள். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையில் படுகிற பக்கத்தில் இருக்கிற வரிப்பள்ளத்தின் ஆழம், சுமார் 8 மில்லிமீட்டர். மற்ற மூன்றிலும் 4 தான் மிச்சம் என்றால், புதிய சக்கரம் மற்றவற்றைவிட 8 மில்லிமீட்டர் உயரமாக நிற்கும். அதே அளவுதான், ஆனாலும் அந்தச் சக்கரம் மெதுவாகச் சுழலும். முன்னும் பின்னும் விசையைப் பகிர்கிற பாகம் ஓய்வே இல்லாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சூடாகும். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குமேல் வேறுபடக்கூடாது என்றே சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பட்டன் ஆழத்தில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்தப் பாகம் போனால் வருகிற பில்லுக்கு முன்னால் நான்கு டயரின் விலை சின்னது. நான்கும் மாற்றச் சொல்லும்போது கடைக்காரன் வியாபாரம் பார்க்கிறான் என்று தோன்றலாம். அளவுகோலை உங்கள் கையிலேயே கொடுக்கிறோம், நீங்களே அளந்து பாருங்கள்.

ரிம்மையும் சேர்த்து மாற்றுகிறவர்கள், சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அது விதிமீறல், வண்டிப் பரிசோதனையிலும் மாட்டும். மூன்று வருடம் ஆன வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை, பத்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே கூடாது. டயர் தேய்ந்து போத்தாக் (மொட்டை) ஆகும் வரை ஓட்ட வேண்டாம், நவம்பர் மழை வருவதற்கு முன்பே ஒரு தடவை வந்து காட்டிவிடுங்கள். அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேங்கிய தண்ணீர் மேல் அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும். அப்புறம், ரிம் மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

ஜோகூர் பாருவில் டயர் மாற்றுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அங்கே விலை குறைவு, குடும்பச் செலவு எல்லோருக்கும் உண்டு. ஆனால் வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கிற நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. ரசீது கட்டாயம் வாங்குங்கள். அதில் வண்டி எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், டயர் அளவு, சுமைக் குறியீடு எல்லாம் இருக்கட்டும். "டயர் 4" என்று மட்டும் எழுதிய ரசீதால் ஒரு பயனும் இல்லை. எங்கள் ரசீதில் இவை எல்லாம் இருக்கும். அலைன்மெண்ட் தாளையும் அதோடு பின் அடித்துத் தருவோம். வாரண்டி முடியும் வரை இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோரிக்கையை மறுத்தால், வாக்குவாதம் வேண்டாம். எந்தப் பாகம், என்ன பழுது, டயர் அதற்கு எப்படிக் காரணம் என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கு மேல் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. டயர் பற்றி எங்கள் தரப்பிலிருந்து கடிதம் தேவைப்பட்டால் கேளுங்கள், எழுதித் தருகிறோம்.

டயர் மாற்ற வரும்போது கையேட்டையும் வாரண்டிப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். வருவதற்கு முன்பே விலை தெரிய வேண்டுமென்றால், கதவுத் தூண் ஸ்டிக்கரையும் இப்போதைய டயரின் பக்கச்சுவரையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் அதிகம், வார நாளில் வந்தால் நிதானமாகப் பேசலாம். புது டயர் போட்டவர்கள் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை உள்ளே வந்து போங்கள். நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்து, காற்றையும் சரிபார்த்து அனுப்புகிறோம். அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
உங்கள் டயர் கடையிலிருந்து