டைக்கோவுக்கு ஒரு மன்னிப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, குனியாதே தலைக்குக் குளிக்காதே என்று வீட்டில் எல்லாரும் அதட்ட, சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்போது பரவாயில்லை. வலது கண்ணில் பார்த்தால் சுவர் வெள்ளை, இடது கண்ணில் பார்த்தால் அதே சுவர் பழுப்பு. இவ்வளவு நாளாக எல்லாவற்றையும் பழுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன், அது தெரியவே இல்லை.

பேத்தி காலாண்டு லீவுக்கு வந்திருக்கிறாள். நான் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பார்ப்பதைக் கண்டு அவளும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு கண் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "தாத்தா, விரல் குதிக்குது!" என்றாள். எனக்கு உடனே நம் லேப் ஞாபகம் வந்தது. இடமாறு தோற்றப் பிழை! பார்க்கிற இடம் மாறினால் பொருளே நகர்ந்த மாதிரி தெரியுமே, அதுதான். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து ரீடிங் எழுதிக் குட்டு வாங்கியது நீதான், நான் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டாயிரம் வருஷம் பூமி அசையாமல் நிற்கிறது என்று எப்படியடா நம்பினார்கள், யோசிக்கவே மாட்டார்களா என்று கேட்டிருந்தாய். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நானே உனக்குச் சொன்ன வசனம்தான் அது. அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யோசித்தார்கள், நன்றாகவே யோசித்தார்கள். அந்தக் குதிக்கிற விரல்தான் அவர்களைத் தடுத்தது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ் சொல்லிவிட்டார். ஆனால் பூமி சுற்றினால், தை மாதம் நாம் இருக்கும் இடத்துக்கும் ஆடியில் இருக்கும் இடத்துக்கும் நடுவே (இன்றைய கணக்கில்) 30 கோடி கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தள்ளிப்போய்ப் பார்த்தால் பக்கத்து நட்சத்திரம் தூரத்து நட்சத்திரத்துக்கு முன்னால் விரல் மாதிரி குதிக்க வேண்டாமா? குதிக்கவில்லை. யார் பார்த்தும் குதிக்கவில்லை. 1543-ல் பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் எழுதிய புத்தகம் வந்தபோதும் நிலைமை அதுதான். நட்சத்திரங்கள் ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருக்கின்றன என்று அவர் சொல்லிவிட்டார். கேட்பவனுக்கு அது சால்ஜாப்பு மாதிரிதான் இருந்திருக்கும்.

அப்புறம் வந்தார் டைக்கோ பிராகி. இவரைப் பற்றிப் படித்துத்தான் எனக்கு வெட்கமாகிவிட்டது. டென்மார்க் அரசர் கொடுத்த வென் தீவில், தொலைநோக்கி என்ற ஒன்றே வராத காலத்தில், வெறும் கண்ணால், முழுநிலவின் அகலத்தை முப்பது பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக நட்சத்திரங்களை அளந்த மனிதர். அவரும் தேடினார், ஒன்றும் நகரவில்லை. வெறும் கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு புள்ளியாக இல்லாமல் சின்ன வட்டமாகத் தெரிகிறது அல்லவா? கோப்பர்நிக்கஸ் சொல்கிற தூரத்தில் இருந்துகொண்டு இந்த அளவு தெரிகிறதென்றால், ஒவ்வொரு நட்சத்திரமும் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். அது நடக்காத காரியம், அதனால் பூமி அசையவில்லை என்று முடிவு கட்டினார். கணக்கில் தப்பே இல்லை! இதற்குக் கோப்பர்நிக்கஸ் கட்சிக்காரரான ராத்மான் என்ன பதில் சொன்னார் தெரியுமா, இறைவனின் வல்லமைக்கு இதெல்லாம் ஒரு பெரிதா என்று. நாம் நினைத்து வைத்திருந்ததற்கு நேர் எதிர், இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் கடவுள்.

ஏமாற்றியது அந்த வட்டம்தான். அது நட்சத்திரத்தின் அளவே இல்லை, நம் கண்ணும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. பழுப்புச் சுவர் பார்த்துக்கொண்டிருந்தவன் இதில் யாரைக் குறை சொல்வது?

கலிலியோ கதை உனக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். 1720-களில் இங்கிலாந்தில் பிராட்லி என்ற வானியலாளர் அந்தக் குதிப்பைத் தேடித்தான் ஒரு நட்சத்திரத்தை வருஷக்கணக்கில் பார்த்தார். அது நகர்ந்தது, ஆனால் தப்பான மாதத்தில், தப்பான பக்கம். கடைசியில் அது வேறு சமாச்சாரம் என்று தெரிந்தது. மழையில் ஸ்கூட்டர் ஓட்டினால் நேராக விழுகிற மழை முகத்தில் அடிக்கிறது பார், அதே மாதிரி ஓடுகிற பூமியில் நட்சத்திர வெளிச்சம் சாய்ந்து வருகிறது. பூமி ஓடுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி கிடைத்துவிட்டது, தேடிப்போன பொருள் மட்டும் கிடைக்கவில்லை.

அது கிடைத்தது 1838-ல், பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில், பெசல் என்ற வானியலாளருக்கு. உனக்கு இவரைப் பிடிக்கும். பதினாலு வயதில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதப் போனவர், கல்லூரி வாசலே மிதிக்காதவர். ரயிலில் போகும்போது பக்கத்து மரம்தானே வேகமாக ஓடும்? அதே யோசனையில், வானத்தில் மற்ற பெரும்பாலானவற்றைவிட வேகமாக நகர்கிற, அன்னம் மண்டலத்தில் இருக்கும் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தைப் பிடித்தார். பிரகாசமாக இருப்பதுதான் பக்கத்தில் இருக்கும் என்று அவர் போகவில்லை. அவருக்குக் கிடைத்த கோணம் எவ்வளவு என்றால், ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. டைக்கோவுக்கு எங்கே தெரியும்? தூரம் 10 ஒளியாண்டுக்குக் (வெளிச்சம் ஒரு வருஷத்தில் போகிற தூரம் ஒரு ஒளியாண்டு) கொஞ்சம் மேல் என்றார் பெசல், இன்றைய கணக்கு 11.4.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1616-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைப் பட்டியலில் ஏறிய கோப்பர்நிக்கஸ் புத்தகம் 1835-ல்தான் அதிலிருந்து இறங்கியது. பெசல் அளப்பதற்கு மூன்று வருஷம் முன்னால்! குதிக்கிற விரலைக் கண்ணால் காண்பதற்குள் சண்டையே முடிந்துபோயிருந்தது. தடை போட்டதை நான் நியாயப்படுத்தவில்லை, அது அநியாயம்தான். ஆனால் டைக்கோவை அந்தக் கூட்டத்தில் சேர்த்துத் திட்டியது தப்பு. நானாக இருந்தால் 1590-ல் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். நீயும்தான், மறுக்காதே.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடியுமென்றால் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. இப்போது ராத்திரி எட்டு மணிக்கு அன்னம் வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கிறது. எங்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் 61 சிக்னி தெரியாது, மருமகனுடைய பைனாகுலரைக் கேட்டு வைத்திருக்கிறேன். இடது கண் ஆபரேஷன் கார்த்திகையில்தான், அதுவரை வலது கண்ணால் நான் பார்த்துச் சொல்கிறேன், நீ ரீடிங் எழுது. நேராகப் பார்த்து எழுது.

உன் பழைய பெஞ்ச் தோழன்