வெயில் விழாத தாழ்வாரத்துக்குக் கச்சோலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் மிளகாயும் வைத்து, வெயில் போதாமல் அவை வெளிறி இளைப்பதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் நம்மில் பலர். அந்த இடத்துக்கு ஏற்றது கச்சோலம். காட்டில் மரத்தடி நிழலிலேயே வளர்ந்து பழகிய, ஆண்டுக்கணக்கில் இருக்கும் கிழங்குச் செடி அது. மலாய்க்காரர்கள் செக்கூர் என்பதும் இந்தோனீசியர்கள் கெஞ்சூர் என்பதும் இதையே. மூலிகை இலைகள் கலந்த மலாய்ச் சோறான நாசி உலாமில் இதன் இலையைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். சீனர்கள் கோழி சமைக்கும்போது கிழங்கைச் சேர்ப்பார்கள்.

சித்தரத்தை, லெங்குவாஸ் (பேரரத்தை) ஆகியவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை உயரமாகத் தண்டு விட்டு நிற்கும். கச்சோலத்துக்கு வெளியே தெரியும் தண்டே கிடையாது. உள்ளங்கை அகலத்தில் இரண்டு மூன்று இலைகள் மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும். நடுவில் ஊதாத் திட்டோடு சின்ன வெள்ளைப் பூ வரும். அதற்கு ஒரு நாள்தான் ஆயுள்.

நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் காய்ந்த வில்லைகள் முளைக்காது. ஈரச்சந்தையில் பச்சைக் கிழங்காகப் பார்த்து, முளைக்கண் புடைத்திருப்பதை எடுங்கள். குளிர்பெட்டியில் பலநாள் கிடந்தது மண்ணில் அழுகிவிடும். கண் ஒன்றிரண்டு இருக்கும்படி இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டு வையுங்கள். இந்த ஆறப்போடுதலைத் தவிர்ப்பதால்தான் பாதிக் கிழங்குகள் வீணாகின்றன.

வேர் ஆழமாகப் போகாது. 25 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் மூன்று துண்டுகள் நடலாம். மூட்டையில் வரும் தோட்டமண் மட்டும் போட்டால் களிபோல இறுகும். அதில் இரண்டு பங்குக்கு, பெருமணலோ பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல்லோ ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கண் மேல்நோக்கி இருக்க, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடி ஒரு முறை தண்ணீர் விடுங்கள். அடுத்த தண்ணீர், மேல்மண் விரலுக்குக் காய்ந்து தெரியும்போதுதான். முளை தெரிய மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகலாம். தோண்டித் தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும்.

நிழல் என்றால் இருட்டு அல்ல. தடுப்புச்சுவரின் அடியில் தரையோடு வைத்தால் வெளிச்சம் போதாது. முக்காலி ஒன்றின் மேல் ஏற்றி வையுங்கள், ஆனால் சுவரின் மேல் வேண்டாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நம் சிங்கப்பூர்த் தீவு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை சூரியன் வடபக்கமாகவும் மற்ற மாதங்களில் தென்பக்கமாகவும் நகர்கிறது. டிசம்பரில் நிழலாக இருந்த வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் நேர்வெயில் விழும். இலையில் காகிதம்போல வெளுத்த திட்டு வந்தால் நோய் என்று மருந்து தெளிக்காதீர்கள். வெயில் சுட்டிருக்கிறது, தொட்டியை உள்ளே நகர்த்துங்கள். இரவில் நத்தை கடித்தால் ஓட்டை விழும். விளிம்பு மட்டும் கருகினால் உரம் மிகுந்துவிட்டது. மெல்லக் கரையும் குருணை உரம் மூன்று மாதத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அடுத்த விஷயம். எட்டுப் பத்து மாதங்கள் ஆனதும் இலைகள் மெல்ல மஞ்சளாகி, வாடி, மறைந்துவிடும். வறண்ட பருவம் உள்ள நாடுகளில் மழை நின்றதும் இது கிழங்குக்குள் ஒடுங்கிக்கொள்ளும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் இங்கேயும் அந்தப் பழக்கத்தை முழுக்க விடுவதில்லை. செடி செத்ததாக எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். அல்லது பிழைக்கவைக்கத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இலை இல்லாத கிழங்கு தண்ணீரை இழுக்காது, ஊறி அழுகிவிடும். ஒரு கிழங்கை எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, மணமாக இருந்தால் உறக்கம்தான். தண்ணீரை அடியோடு குறைத்து, சாரல் படாத இடத்தில் வைத்தால் ஓரிரு மாதத்தில் தானே முளைக்கும். கிழங்கு தோண்டவும் பிரித்து நடவும் இதுவே சமயம். இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு, அடிப்பகுதி கொழகொழவென்று நாறினால் அது அழுகல். அந்தத் துண்டையும் மண்ணையும் எறிந்துவிட வேண்டும். அதே மண்ணில் மறுபடி நடக்கூடாது.

படுத்த இலைகள் தொட்டியின் அடித்தட்டை மறைத்துவிடுவதால் அங்கே தேங்கும் தண்ணீர் கண்ணில் படாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தட்டே இல்லாமல் வைப்பது நல்லது. வைத்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டித் துடையுங்கள். தாழ்வாரத்தில் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதிக்கு இந்தக் குட்டைச் செடி எளிதாக அடங்கும்.

சமூகத் தோட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயில் பாத்திகளுக்கு எல்லோரும் போட்டியிட, மாமரத்தடி வெறும் மண்ணாகக் கிடக்கிறது. அங்கே 15 சென்டிமீட்டர் இடைவெளியில் கச்சோலம் நடலாம். நட்ட இடத்தில் தமிழ், மலாய், சீனப் பெயர்களோடும் நட்ட மாதத்தோடும் ஒரு குச்சியை ஊன்றிவையுங்கள். இலை ஒடுங்கிய மாதங்களில் வெற்றிடம் என்று நினைத்து, களை எடுக்கும் தொண்டூழியர்கள் மண்வெட்டி போட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்